ரோலருக்குக் கட்டிய சிவப்புத் துணி

அத்தியாயம் 17

மகளிடம் பொய் சொல்லிவிட்டுப் படுத்த மனிதருக்குத் தூக்கம் எப்படி வரும்? போன வாரம் அடார்க்வாவை நாம் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம். ரோலர் எங்கே என்று செர்வா கேட்டதற்கு, "மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருக்கும்மா, காலைல வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

காலை வந்தது. ரோலர் வரவில்லை.

அடார்க்வாவின் ரோடு போடும் கம்பெனியில் ஒரு காலத்தில் மூன்று ரோலர்கள் ஓடின. ஒன்றை பாங்க் எடுத்துக்கொண்டு போனது. இன்னொன்று உதிரி பாகம் கிடைக்காமல் குமாசி நகரத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. மிச்சம் இந்த மஞ்சள் ரோலர் ஒன்றுதான்.

முடித்துக் கொடுத்த ரோட்டுக்கே சர்க்கார் இன்னும் பணம் கொடுத்தபாடில்லை. அவர்கள் கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தேதி கிடையாது. இவர் முடிக்க வேண்டிய ரோட்டுக்கு மட்டும் தேதி உண்டு. அந்தத் தேதி இன்று. பரப்பிய சரளை கெட்டிப்பட்டிருக்கிறது என்று சர்க்கார் இன்ஜினியர் லாம்ப்டே இன்று மாலை பார்த்து எழுதினால் காண்ட்ராக்ட் பிழைக்கும். இல்லையென்றால் ரத்து. ரத்தானால் கம்பெனியும் போகும், கம்பெனிக்காக அடமானம் வைத்த வீடும் போகும்.

சைட்டில் செம்மண் சரளையைப் பரப்பித் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். ரோலர் ஏறி மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. செர்வா ஹெல்மெட்டோடு நடுரோட்டில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து மழை கிழக்கிலிருந்துதான் வரும். இப்போதைக்கு நல்ல வெயில். ஆனால் மழை தொடங்கும் மார்ச் மாத வெயிலை நம்பி இங்கே யாரும் துணிகூடக் காயப்போடுவதில்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?" புளித்த சோள மாவில் அவித்த கெங்கே உருண்டைப் பொட்டலத்தைச் செர்வா நீட்டினாள். கூடவே பொரித்த மீனும் அரைத்த மிளகாயும் இருந்தன.

"பசிக்கல."

"மெக்கானிக்குக்கு போன் போட்டேன்."

பசிக்கவில்லை என்றவர் பொட்டலத்தை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார்.

"ரோலர் அங்க வரவே இல்லையாம். உங்கப்பா முகத்தப் பார்த்தே மாசக்கணக்காச்சுங்கறான்."

அடார்க்வா மீனின் முள்ளை மிகவும் கவனமாக எடுத்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், மந்திரிகள் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தவர், மகள் முன்னால் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெபோசோவுக்கு அனுப்பினேம்மா."

"ஊருக்கா? எதுக்கு?"

"டொம்ஃபே மாமா அடக்கம் நாளைக்குத்தானே. பந்தல் போடற இடம் மேடும் பள்ளமுமா இருக்குன்னு உங்கத்தை கேட்டா. ஒரே நாள்தான், நேத்து சாயங்காலமே திரும்பிடும்னா."

"அத்தை கேட்டா இந்த ரோட்டையே சுருட்டிக் குடுத்துடுவீங்களா?"

கொடுத்தாலும் கொடுத்திருப்பார் என்பது இருவருக்கும் தெரியும்.

செர்வா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "போங்க. போய் ரோலரக் கொண்டு வாங்க. லாம்ப்டே சார நான் சமாளிக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன்பா. அங்க போய் உக்காந்துடாதீங்க."

"உக்கார மாட்டேன்."

"நின்னுக்கிட்டே பேசிட்டு நின்னுக்கிட்டே வாங்க."

* * *

வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது அடார்க்வா தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டார். அப்பா போன பிறகு அவரை வளர்த்தது டொம்ஃபே மாமாதான். குடும்பத்துக் கோக்கோ தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று முதல் ரோலர் வாங்கிக் கொடுத்ததும் மாமாதான். அந்த மஞ்சள் ரோலர்தான் அது. வந்த அன்று மாமா ஓர் ஆட்டை அறுத்து, முன் சக்கரத்தில் ரத்தம் தடவி, தரையில் சாராயம் ஊற்றி, முன்னோர்களைக் கூப்பிட்டு, "இவன் நம்ம வீட்டுப் புள்ள, பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினார். அடார்க்வாவைச் சொன்னாரா, ரோலரைச் சொன்னாரா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மாமா இறந்து இரண்டு மாதமாகக் குளிர்பெட்டியில் இருக்கிறார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பாதை போட்டு, வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் வந்து சேர வேண்டாமா? இத்தனை செய்தவருக்கு ஒரு நாள் ரோலர் கொடுத்தது தப்பா?

தப்பு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது செர்வாவின் குரல் மாதிரியே இருந்ததால் ரேடியோவைப் போட்டார்.

பெபோசோவில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மைதானம் அழகாகச் சமமாகியிருந்தது. அடார்க்வாவின் ரோட்டில் இருந்திருக்க வேண்டிய வேலை அது. ஓரத்தில் மஞ்சள் ரோலர் நின்றது. தூரத்தில் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. கிட்டே போனதும் அதுவும் போயிற்று.

ரோலரின் முகப்பில் சிவப்புத் துணியும் கறுப்புத் துணியும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே டொம்ஃபே மாமாவின் படம் போட்ட போஸ்டர் ஒட்டியிருந்தது.

டிரைவர் இசாக்கா மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். "முதலாளி, நேத்தே கிளம்பினேன். டிரெய்லர்ல ஏத்தப் போறப்ப துணியக் கட்டிட்டாங்க. சாவிய உங்கக்கா பொமாம்மா வாங்கி வச்சிக்கிட்டாங்க."

"வாங்க மாமா!" கறுப்புத் துணியைத் தோளில் அள்ளிப் போட்டபடி பாதூ வந்தான். பொமாவின் மகன். செர்வாவுக்கு அத்தை மகன். இன்ஜினியரிங் படித்த செர்வாவுக்குக் கம்பெனியில் இன்றுவரை ஒரு பதவி கிடையாது. எதுவும் படிக்காத பாதூ மேனேஜர். அக்கா கேட்டாள், இவர் கொடுத்தார்.

"என்னடா இது?"

"துக்கத் துணி மாமா. ரோலரும் நம்ம வீட்டுப் புள்ளதானேன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. டொம்ஃபே தாத்தாதானே ஆடு அறுத்து அத வேலைக்கு அனுப்பி வச்சார்? அனுப்பி வச்சவர அது வழியனுப்ப வேண்டாமா? அடக்கம் முடியற வரைக்கும் துக்கம் காக்கற ஆளு எங்கயும் போகக் கூடாதில்ல."

"டேய், நீ அந்தக் கம்பெனிக்கு மேனேஜர்டா!"

"அதான் மாமா. மேனேஜர்ங்கற முறையில நானும் சரின்னுட்டேன்."

அடார்க்வா நேராகப் போய்த் துணியின் முடிச்சில் கை வைத்தார். பந்தலுக்குக் கீழே பேச்சு நின்றது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். சும்மா பார்த்தார்கள், அவ்வளவுதான். அடார்க்வா கையை எடுத்துக்கொண்டார்.

"பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க மாமா, அஞ்சு நிமிஷம்" என்றான் பாதூ.

* * *

பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடார்க்வா வலது கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசிக் கையை விட்டதும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவர் உட்கார்ந்தார். உட்காராமல் எப்படி? நிற்கிற ஆளுக்கு யாரும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் குடிக்காத ஆளிடம் யாரும் பேச மாட்டார்கள்.

தண்ணீர் வந்தது, குடித்தார்.

"இங்க எல்லாம் அமைதியாத்தான் இருக்கு. நாங்க கெட்டது எதுவும் நெனச்சு உக்காந்திருக்கல. நீங்க வந்த சேதி என்ன?" என்று கேட்டார் அசாரே. இந்தக் குடும்பத்தின் பேச்சுக்காரர் அவர்தான். சபையில் யார் எதைச் சொன்னாலும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

"அவசரம் அண்ணே. ரோலர் இப்பவே கிளம்பணும். ராத்திரிக்குள்ள திருப்பி அனுப்பிடறேன்."

அசாரே திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த மூத்தவரிடம் அதையே அலங்காரமாகச் சொன்னார். மூத்தவர் முதல் தடவையே கேட்டுவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டாம் தடவை புதிதாகக் கேட்பவர்போலத் தலையாட்டினார்.

"அவசரம் யாருக்கு? பொணத்துக்கா?" என்றார் மூத்தவர்.

நாலு பேர் சிரித்தார்கள். அடார்க்வாவும் சிரித்து வைத்தார்.

"வெறுங்கையோட கேக்கற வார்த்தையா இது?" என்று அசாரே மெதுவாக நினைவூட்டினார். பெரியவர்களுக்குச் சாராய பாட்டில் வாங்கி வர மறந்து போயிருந்தது. பாதூவை அனுப்பினார்கள். போன பாதூ, வழியில் வந்து இறங்கிய பாண்டு வாத்தியக்காரர்களுக்கு வரவேற்புச் சொல்லி, அவர்களுக்கு இடம் காட்டி, அப்புறம்தான் பாட்டிலோடு வந்தான். அதற்குள் கிழக்கே வானத்தின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களாப்பா?"

"பேசிக்கிட்டிருக்கேம்மா."

"நிக்கறீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

"நிக்கறேன்" என்றார் நாற்காலியிலிருந்து.

பொமா வந்து எதிரே நின்றாள். புடவைத் துணி மாதிரி சுற்றியிருந்த கறுப்புத் துணியின் முந்தியில் சாவி முடிந்திருந்தது. அக்கா சண்டை போடுவாள் என்றுதான் அவர் தயாராக இருந்தார். அவள் அழுதாள்.

"தம்பி, நான் உன் எதிரியாடா? மாமாவுக்குப் புள்ளைங்களா இருக்கோம்னு பேரு, ஆளுக்கொரு ஊர்ல கிடக்கோம். கடைசி வரைக்கும் அவர் வாசல்ல உக்காந்து யாரைப் பத்திப் பேசினார் தெரியுமா? இந்த மெஷினப் பத்தி. என் மெஷின் இன்னிக்கு எந்த ஊருக்கு ரோடு போடுதுன்னு போறவன் வர்றவன எல்லாம் கேப்பார். நாளைக்கு ஒரு நாள் அது அவர் பக்கத்துல நிக்கக் கூடாதா?"

"நிக்கலாம்க்கா. நிக்கணும். ஆனா மழை..."

"மழை வருஷா வருஷம் வருது. மாமா ஒரு தடவதான போறார்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இவர் ரோட்டில் கிடக்கும் சரளையும் பொய்யில்லை. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ரோலர்தான் இருந்தது.

அசாரே எழுந்தார். "கிழவியக் கேட்டுட்டு வர்றோம்."

பெரியவர்கள் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் பின்புறம் போனார்கள். அங்கே கிழவி யாரும் கிடையாது. தனியாகப் போய்க் கலந்து பேசுவதற்கு இங்கே பேர் அப்படி. இல்லாத அந்தக் கிழவி நிதானமாக யோசித்தாள். காற்று எழுந்து பந்தல் துணியை உப்ப வைத்தது. பந்தல்காரர்கள் ஓடி ஓடிக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். அடார்க்வா உட்கார்ந்த இடத்தில் இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஓடினால் மட்டும் சாவி வந்துவிடுமா?

திரும்பி வந்தார்கள். அசாரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கிழவி சொல்றா, புள்ள கேக்கறது நியாயந்தான். துணிய அவுத்து ரோலர அனுப்பலாம்."

அடார்க்வா பாதி எழுந்துவிட்டார்.

"ஆனா துக்கத் துணிய அவுக்கற உரிமை குடும்பத் தலைவருக்குத்தான். தலைவர் குளிர்பெட்டியில இருக்கார்."

"அப்ப யாருதான் அவுக்கறது?"

"அடுத்த தலைவர்."

"அது யாருண்ணே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அடார்க்வாவுக்கு எல்லாம் விளங்கியது. இங்கே மாமாவுக்குப் பின் தலைமை சகோதரி மகனுக்குத்தான் வரும். இது இன்று யோசித்த யோசனையில்லை. தலைவர் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குக் கல்யாணம் நின்றாலும், யார் எங்கே செத்தாலும் அந்த வாசலுக்குத்தான் வருவார்கள். மாமாவிடம் கோக்கோ தோட்டம் இருந்தது, தாங்கினார். இவரிடம் இருப்பது மூச்சு வாங்கும் ஒரு கம்பெனி. வீட்டில் மனைவியிடம் கேட்க வேண்டும். செர்வாவிடம் கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிடலாம். மாமாவின் போஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெற்ற பிள்ளை மாதிரி வளர்ந்தவன் மாட்டேன் என்று சொல்வானா?

கிழக்கே இடி உருண்டது.

"நான் சரின்னு சொன்னா, உடனே துணிய அவுக்கலாமா?"

"தலைவர் சொன்னா தடுக்க யாரு இருக்கா?" என்றார் அசாரே.

"சரி" என்றார் அடார்க்வா.

அவ்வளவுதான். பாண்டு வாத்தியம் முழங்கியது. துக்க வீட்டிலும் புதுத் தலைவருக்கு மட்டும் வெள்ளைப் பொடி உண்டு. தலையிலும் தோளிலும் பொடியைக் கொட்டினார்கள். இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். மூத்தவர் கையைப் பிடித்து ஆசீர்வாதம் செய்து, "இனிமே தலைவர் மெஷின் நம்ம குடும்பத்து மெஷின். தலைவர் கம்பெனி நம்ம குடும்பத்துக் கம்பெனி" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக மேனேஜர் பாதூ ஆமாம் போட்டான்.

அதையெல்லாம் காதில் வாங்க அடார்க்வாவுக்கு நேரமில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரோலரிடம் ஓடினார். முடிச்சு இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தார். இப்போது யாரும் தடுக்கவில்லை. பொமா முந்தியை அவிழ்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவியை நீட்டினாள்.

"ஏத்துடா இசாக்கா! டிரெய்லர்ல ஏத்து!"

ரோலர் இருமியது, புகைந்தது, மெல்ல நகர்ந்தது. முன் சக்கரம் டிரெய்லரின் பலகையில் ஏறும்போது, அடார்க்வாவின் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. தோளில் இருந்த வெள்ளைப் பொடியில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. பெபோசோவின் தகரக் கூரைகள் எல்லாம் ஒன்றாக இரைச்சல் போட்டன.

யாரோ குடை பிடித்தார்கள். யாரோ கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை பிளாஸ்டிக் நாற்காலி இல்லை, மாமாவின் நாற்காலி.

போன் அடித்தது. எடுத்தார்.

"அப்பா..." செர்வாவின் குரலுக்குப் பின்னாலும் மழை. "இங்க பிடிச்சு அரை மணி நேரமாச்சு. சரளை எல்லாம் கரைஞ்சு ஓடைல போயிட்டிருக்கு. தார்ப்பாய் போட்டுப் பார்த்தோம், நிக்கல. லாம்ப்டே சார் கார்லயே உக்காந்திருக்கார். நான் கெஞ்சினேன்பா. கடைசியா ஒண்ணு சொன்னார். நாளைக்குக் காலைல முதலாளி நேர்ல வந்து எழுத்துல பதில் குடுத்தா ஒரு வாரம் டைம் தர்றாராம். வரலேன்னா ரத்துன்னு எழுதிட்டுப் போயிடுவாராம். எத்தன மணிக்கு வர்றீங்கன்னு கேக்கறார்."

நாளைக் காலை. அடக்கம். தலைவர் பிணத்தின் தலைமாட்டில் உட்கார வேண்டிய நேரம்.

"செர்வா, நான்..."

பக்கத்திலிருந்து ஒரு கை வந்து மரியாதையாகப் போனை வாங்கிக்கொண்டது.

"பதவி ஏத்த தலைவர் அடக்கம் முடியற வரைக்கும் நேரடியாப் பேசக் கூடாதுங்க" என்று அவரிடம் காதோடு சொன்னார் அசாரே. "என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

அடார்க்வா அசாரேயைப் பார்த்தார். மூத்தவரைப் பார்த்தார். எல்லோரும் ஈரத் துணியோடு, மரியாதையோடு, பாசத்தோடு காத்திருந்தார்கள். மைதானத்தில் இசாக்கா மழையில் நனைந்தபடி, டிரெய்லரைக் கிளப்புவதா இறக்குவதா என்று தெரியாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் அசாரேயின் காதில் ஏதோ முணுமுணுத்தார். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

அசாரே நிமிர்ந்து உட்கார்ந்து, சபைக் குரலில் போனுக்குள் பேசினார். "அம்மா, தலைவர் துக்கத்துல இருக்கார். அங்க ஆகவேண்டியத உங்களையே பார்த்துக்கச் சொல்றார்."

"யாருங்க நீங்க? எந்தத் தலைவர்?" என்றாள் செர்வா. "இது எங்கப்பா போன். எங்கப்பாகிட்ட குடுங்க."

அடார்க்வா கையை நீட்டினார். தோளில் பொடி நனைந்து வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பொமா அந்தக் கையை மெல்லப் பிடித்து மடியில் வைத்தாள். முந்தியால் அவர் தோளைத் துடைத்துவிட ஆரம்பித்தாள்.

"அப்பா?" என்று போன் அசாரேயின் கையில் கூப்பிட்டது. "அப்பா, ஆகவேண்டியத நானே பார்த்துக்கறதுன்னா, கம்பெனி பேர்ல நான் கையெழுத்துப் போடலாமா? அத மட்டும் சொல்லுங்க. லாம்ப்டே சார் கார ஸ்டார்ட் பண்ணிட்டார்."

அசாரே தலைவரின் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நின்ற மேனேஜர் பாதூவும் குனிந்தான்.